கட்டைமுடியும் கெட்டி நண்டும்

என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "ஜுவாலஜி" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் அவர்களுக்குப் பொழுதுபோக்கு, எனக்குத் தலைவலி. ஒருமுறை மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தூரத்து உறவு மாமா விடாமல் தோண்டிக் கேட்டார். நண்டின் வாயில் இருக்கும் நுண்முடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். கையில் எடுத்த ஜாங்கிரியை இலையிலேயே வைத்துவிட்டார்.

"இன்னாது, நண்டுக்கு மீசையா? அதுக்குப் போய் பி.எச்.டி.யா?"

"சவரம் பண்ணி வுடப் போறா போல மாமா" என்றான் எதிர் வரிசையில் ஒருவன். மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. தட்டியது நான்தான். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

அந்த மாமாவை மன்னித்துவிட்டேன். அவருக்கு நண்டு என்றால் குழம்பு. நண்டைத் தின்பதைத் தவிர வேறு எதுவும் செய்கிறேன் என்று அவர் எந்தக் காலத்திலும் சொல்லிக்கொண்டதில்லை. ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தின்றவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நண்டின் வாய். நம் வாய் மாதிரி அது ஒரு ஓட்டை இல்லை. முன்னால் இரட்டைக் கதவு. கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று. இப்படி ஆறு ஜோடி உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். வெளியே இருக்கும் மூன்று ஜோடிக்குத் தாடைக்கால்கள் என்று பெயர். அவற்றின் ஓரமெல்லாம் முடி. எல்லாம் ஒரே முடி இல்லை. இறகு போலக் கிளைத்த முடி தண்ணீரைத் தள்ளும், செவுளுக்குள் குப்பை போகாமல் தடுக்கும். ரம்பம் போலப் பல் வைத்த முடி இரை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்ததும் அதே முடியால் நண்டு தன் உணர்கொம்பை இழுத்து இழுத்துச் சீவிச் சுத்தம் செய்யும். இன்னும் சில முடிகளின் நுனியில் ருசி தெரியும். யோசித்துப் பாருங்கள், உடம்பு முழுவதையும் கெட்டி ஓட்டுக்குள் பூட்டிக்கொண்டு வாழும் பிராணி அது. வெளியே இருப்பதைத் தொட்டுப் பார்க்க அதற்கு இந்த முடியை விட்டால் அதிகம் வழி இல்லை. முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்ட இடம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரி. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் எதற்கு விளம்பரம் தேடித் தர வேண்டும். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, பாதித் தூரம் நின்றுகொண்டே போவேன். அங்கே என் கைடு, நண்டு வாய்முடியில் பெரிய புள்ளி என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் ஒரே ஒரு கண்டுபிடிப்பால் வந்தது. இறகுமுடி, ரம்பமுடி எல்லாம் உலகத்துக்கே தெரியும். இவர் அவற்றில் சேராத புது வகை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். குட்டையாக, நுனி மழுங்கி, மொட்டையாக நிற்கும் முடி. கட்டைமுடி என்று பெயரும் வைத்துவிட்டார். இரையை அரைத்துக் கூழாக்குவதற்கென்றே நண்டுக்கு இயற்கை கொடுத்த உறுப்பு என்று எழுதி, அது ஒரு பத்திரிகையில் அச்சாகிவிட்டது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த கட்டைமுடியின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைக்கும்போது அந்தப் படத்துக்கும் ஒரு பொட்டு உண்டு. மாலை மட்டும்தான் போடவில்லை.

அந்த ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பரம்பரையே கரையேறியது. எனக்கு முன்னால் படித்த ஒருவர், சின்ன நண்டைவிடப் பெரிய நண்டில் கட்டைமுடி ஜாஸ்தி என்று கண்டுபிடித்தார். ஆகவே அது முதிர்ச்சியின் அடையாளம் என்று எழுதி டாக்டர் ஆனார். அடுத்தவர், சேற்றில் வாழும் நண்டைவிட மணல் பக்கம் வாழும் நண்டில் கட்டைமுடி ஜாஸ்தி என்று கண்டுபிடித்தார். ஆகவே அது மணலுக்கான தகவமைப்பு. அவரும் டாக்டர். இன்னொருவர், வலது பக்கத்தில் ஜாஸ்தி, இடது பக்கத்தில் கம்மி என்று எண்ணிப் பார்த்து, ஆகவே நண்டுக்கும் வலக்கைப் பழக்கம் உண்டு என்று முடித்தார். அவர் இப்போது ஒரு கல்லூரியில் துறைத் தலைவர். எல்லோரும் சேர்ந்து "கட்டைமுடி குடும்பம்" என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். காலையில் பூப்படம் போட்டுக் குட்மார்னிங் சொல்வார்கள். நானும் அதில் சேர்க்கப்பட்டேன்.

நண்டு எப்படி வாங்கினோம் என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு ஸ்காலர் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போக வேண்டும். கால்களைக் கட்டி உயிரோடு விற்கும் பெரிய சேற்று நண்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். லேபில் அதன் வாய் உறுப்புகளை மட்டும் நறுக்கி எடுத்து, கெடாமல் இருக்க ஃபார்மலினில் போடுவோம். மீதி நண்டு? அது ஃபார்மலினைப் பார்க்காது. ஐஸ் பெட்டியில் வைத்து அப்படியே கைடு வீட்டுக்குப் போய்விடும். வாய் லேபுக்கு, உடம்பு சார் வீட்டுக்கு. இதுதான் எங்கள் துறையின் எழுதாத சட்டம். வீணாக்கக் கூடாதாம்.

வாங்கப் போகிறவருக்குக் கைடு சொல்லி அனுப்பும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்.

"அடிப்பக்கம் கட்டைவெரலால அமுக்கிப் பாத்து வாங்கு. கெட்டியா இருக்கணும். மெத்துன்னு உள்ள போச்சுன்னா வேணாம், தண்ணிதான் இருக்கும், கறி இருக்காது."

எங்கள் யாருக்கும் இதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. நாங்கள் எல்லோருமே இந்தக் கரையில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் நண்டை அப்படித்தான் அமுக்கிப் பார்த்து வாங்குவார். நண்டு என்றால் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று எங்களுக்கு ரத்தத்திலேயே ஊறி இருந்தது. அந்த லேபுக்குள் வந்த ஒவ்வொரு நண்டும், குழம்பு வைக்கத் தேறுமா என்ற தேர்வில் முதல் வகுப்பில் பாஸானது.

என் முறை வந்தபோது எண்ணுவதற்கு எதுவும் பாக்கி இல்லை. முன், பின், வலம், இடம், கடல், கழிமுகம் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டார்கள். ஆகவே எனக்குக் கட்டைமுடியின் செயல்பாடு என்று தலைப்புக் கொடுத்தார்.

"அரைக்குதுன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. நீ நிரூபிச்சுட்டா போதும். ரெண்டு வருஷத்துல முடிச்சுடலாம்" என்றார் கைடு.

நிரூபிக்க வேண்டுமானால் நண்டு சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். செத்த நண்டு சாப்பிடாது. இதை நான் சொன்னபோது அவர் ரொம்ப யோசித்தார். அத்தனை வருஷத்தில் அந்த லேபில் யாரும் ஒரு நண்டை உயிரோடு வைத்துப் பார்த்ததே இல்லை. நாற்றம் வரும், தண்ணீர் மாற்ற வேண்டும், லீவு நாளில் யார் வருவது. கடைசியில் லேபுக்குப் பின்னால் வராந்தாவில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, வாசனை உள்ளே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஃபார்மலின் வாசனை பரவாயில்லை, உயிருள்ள நண்டின் வாசனைதான் அவருக்கு ஆகாது.

அந்தத் தொட்டியில் நல்ல கெட்டியான பெரிய நண்டு ஒன்றை விட்டேன். அதன் தாடைக்கால்களைத் தூக்கி லென்ஸில் பார்த்தேன். கட்டைமுடி வரிசையாக இருந்தது. பிறகு இறால் துண்டும் மட்டிச் சிப்பிக் கறியும் கொடுத்துவிட்டு, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நண்டு கொடுக்கால் எடுத்துக் கொடுக்க, ரம்பமுடிகள் பிடித்துக்கொள்ள, உள்ளே இருக்கும் தாடை கடித்தது. கட்டைமுடி எதையும் அரைக்கவில்லை. இரை வழுக்கிக்கொண்டு அதன்மேல் போயிற்று, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் வேலை செய்வது போல நடமாடும் சில பேரைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி அது சும்மா நின்றுகொண்டிருந்தது. பல நாள் பார்த்தேன். கைடு கேட்கும்போதெல்லாம் "இன்னும் பாக்கணும் சார்" என்றேன்.

பிறகு நண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. கைடு வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"சாவப் போவுது. செத்தா வீணாப் போயிடும்மா, இன்னிக்கே வீட்டுக்குக் குடுத்தனுப்பிடு."

"இன்னும் அப்சர்வேஷன் முடியல சார்" என்றேன்.

"படுத்துட்ட நண்டுல இன்னா அப்சர்வேஷன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டியில் இரண்டு நண்டு. யாரோ இன்னொன்றைக் கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கையை விட்டு ஒன்றைத் தூக்கினேன். காற்றாக வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணின் மேல்தோல் முதல் கால் நகம் வரை முழுசாக ஒரு நண்டு, ஆனால் வெறும் ஓடு. பக்கத்தில், பழைய அளவைவிடப் பெரிதாக, தொட்டால் குழையும் உடம்போடு அசல் நண்டு உட்கார்ந்திருந்தது. நண்டு ஓடு கழற்றும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

கழற்றிய ஓட்டின் தாடைக்காலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கட்டைமுடி இருந்தது, அதே வரிசையில். புது நண்டின் ஓடு கொஞ்சம் இறுகும்வரை பொறுத்திருந்து, ஈரத்துணியில் அதைப் பிடித்துக்கொண்டு லென்ஸில் பார்த்தேன். கட்டைமுடி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுவிடாமல், நீளமாக, நுனி கூராக, பல் பல்லாக ரம்பமுடி. செல்போனை லென்ஸில் ஒட்டி வைத்துப் படம் எடுத்தேன். நண்டு நெளிந்ததில் முதல் படங்கள் எல்லாம் கலங்கிவிட்டன.

கட்டைமுடி என்று ஒரு முடியே கிடையாது. அது தேய்ந்துபோன ரம்பமுடி. ஓடு கழற்றி நாளாக நாளாக, மண்ணிலும் சிப்பியிலும் உரசி உரசிப் பல் போய், நுனி போய், கட்டையாகிவிட்டது. அடுத்த முறை ஓடு கழற்றினால் புதுசு வந்துவிடும். பல் துலக்கித் தேய்ந்த பழைய பிரஷ்ஷைக் கண்டெடுத்து, இது ஒரு புது வகை பிரஷ் என்று பெயர் வைத்ததற்கு ஒப்பானது எங்கள் கைடின் சாதனை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எண்ணியது அத்தனையும் சரியாகவே எண்ணியிருந்தார்கள். பெரிய நண்டு அடிக்கடி ஓடு கழற்றாது, அதனால் தேய்மானம் ஜாஸ்தி. மணலில் இருப்பது சேற்றில் இருப்பதைவிடச் சீக்கிரம் தேயும். எந்தப் பக்கம் ஜாஸ்தி மெல்லுகிறதோ அந்தப் பக்கம் தேயும். கண் முன்னால் இவ்வளவு கிடந்தும், எல்லோரும் அதைப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஏன் ஒருவர்கூடப் புது முடியைப் பார்க்கவில்லை என்று யோசித்தபடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அறிவுரை ஞாபகம் வந்தது. அமுக்கிப் பார். மெத்தென்று இருந்தால் வேண்டாம். சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டுதான் மெத்தென்று இருக்கும். அதில் கறி இருக்காது. கறி இல்லாத நண்டு சார் வீட்டுக்கு ஆகாது. சார் வீட்டுக்கு ஆகாத நண்டு விஞ்ஞானத்துக்கும் ஆகவில்லை. பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு துறைமுகத்தில், மெத்து நண்டாக வேண்டும் என்று கேட்டேன். விற்கிற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒதுக்கிப் போட்டிருந்ததைக் கூடையோடு தள்ளிவிட்டார். அத்தனையையும் பார்த்தேன். ஒன்றில்கூடக் கட்டைமுடி இல்லை.

கைடிடம் சொன்னேன். நிதானமாக, படங்களைக் காட்டி, மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"தொட்டியில வளந்த நண்டும்மா அது. அப்னார்மல்."

"துறைமுகத்துல வாங்கினதும் அப்படித்தான் சார் இருக்குது."

"மெத்து நண்டு நோஞ்சான் நண்டு. அதை வெச்சு முடிவு பண்ணலாமா?" பிறகு குரலை இறக்கினார். "இந்தக் கட்டைமுடியில எத்தினி பேரு டாக்டர் ஆயிருக்காங்க, எத்தினி குடும்பம் சாப்பிடுது, யோசிச்சியா? அந்தச் சாப்டரை எடுத்துட்டுக் கொண்டா. மறுநாளே கையெழுத்துப் போடறேன்."

அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு போகாது. பட்டம் இல்லாமல் தற்காலிக வேலைக்குக்கூட எந்தக் கல்லூரியும் கூப்பிடாது. ஆனால் அந்தச் சாப்டர்தான் என்னுடையது. மீதி எல்லாம் யாரோ சொன்னதை நான் அழகாகத் திரும்பச் சொன்னது. என் இரண்டு கண்ணால் நான் பார்த்தது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு வாங்கும் பட்டம் எனக்கு எதற்கு என்று இருந்தது.

வலது பக்கம் ஜாஸ்தி என்று கண்டுபிடித்த துறைத் தலைவி அக்கா போன் செய்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

"ஏம்மா, நீ நல்ல பொண்ணுதானே. எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறியே. தேஞ்சுதோ தேயலயோ, நண்டா வந்து கேஸ் போடப் போவுது?"

"நீங்க ஒரு தடவையாவது உயிர் நண்டைப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு நண்டுன்னாலே அலர்ஜிம்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

வீட்டில் அப்பா, கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மேலதிகாரியை எதிர்த்து எவனும் உருப்பட்டதில்லை என்று தன் அனுபவத்தைச் சொன்னார். நான் போய், நண்டு கழற்றிய ஓட்டைப் பஞ்சு வைத்த பழைய டிபன் டப்பாவில் அடக்கி, அலமாரியில் என் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். லேபில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் பயந்தது சரிதான். பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது வராந்தாவில் தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்டைக் காணவில்லை. அட்டெண்டர் சொன்னார், "ஓடு நல்லா இறுகிடுச்சும்மா. சார் வந்து அமுக்கிப் பாத்துட்டு எடுத்துனு போயிட்டாரு." அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் என்னால் அடக்க முடியவில்லை. உலகத்திலேயே அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த ஒரே நண்டு அது. அதற்கு இஞ்சி பூண்டு அரைத்துப் போட்டிருக்கிறார்கள்.

சாப்டரை எடுத்துவிட்டு ஆய்வேட்டைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். என் முடிவு எனக்குத் தெரிந்திருந்ததால் அவரோடு வாதாடவில்லை. ஆய்வேடு வெளியூருக்குத் திருத்தப் போயிற்று, சரி என்று திரும்பி வந்தது, வைவா என்ற நேர்முகத் தேர்வுக்கு நாள் குறித்தார்கள்.

வைவா என்பது எங்கள் பக்கம் பாதி பரீட்சை, பாதி விசேஷம். ஸ்காலர்தான் சாப்பாடு போட வேண்டும், வெளியூர்த் தேர்வாளருக்கும் கைடுக்கும் பொன்னாடை வாங்க வேண்டும். சிதம்பரத்தில் தெற்கு வீதியில் நானே போய் இரண்டு பொன்னாடை வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், முன் வரிசையில் கட்டைமுடி குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நான் பேசி முடித்தேன். தேர்வாளர் தெற்கத்திக்காரர், நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். கடைசிக் கேள்வியாகச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாஞ் சரிதாம்மா. இந்தக் கட்டைமுடி நெசமாவே என்னதான் செய்யுது?"

கைடு என்னைப் பார்த்தார். ஒரே வார்த்தை, அரைக்கிறது. சொன்னால் அன்று மாலையே நான் டாக்டர். நான் மேஜைக்கு அடியிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

"ஒண்ணும் செய்யல சார். அது தேஞ்சுபோன ரம்பமுடி. இது ஒரு நண்டு கழட்டிப் போட்ட ஓடு, இதுல கட்டைமுடி இருக்கு. கழட்டினப்புறம் அதே நண்டுக்கு, அதே இடத்துல, முழு ரம்பமுடி இருந்துது. படம் இருக்கு. மெத்து நண்டு எதுலயும் கட்டைமுடி கிடையாது."

அப்பா தரையைப் பார்த்தார். தேர்வாளர் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஓட்டை வெகுநேரம் பார்த்தார். என் போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்த நண்டு இப்ப எங்கம்மா இருக்கு?"

"சார் வீட்டுல சாப்பிட்டுட்டாங்க சார்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அதை ரசிக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கைடு எழுந்துவிட்டார். அவர் முகம் கறுத்ததையும், உடனே தெளிந்ததையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டுக்கும் இடையே ஒரு தும்மல் நேரம்கூட இல்லை.

"சார், இதுதான் எங்க லேபோட அடுத்த கட்டம். எனக்கு ஆரம்பத்துலருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதான் இந்தப் பொண்ணுக்கு உயிர் நண்டு வெக்க பர்மிஷன் குடுத்தேன். இன்னிக்கு வைவாவுலயே வெளியிடலாம்னு ஆய்வேட்டுல சேக்காம வெச்சிருந்தோம்."

வெச்சிருந்தோமாம். தேர்வாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் கண்டுபிடிப்பைத் தானே திருத்திக்கொள்ளும் மனசு எத்தனை பேருக்கு வரும் என்றார். அரங்கம் கைதட்டியது. கட்டைமுடி குடும்பம்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டியது. யார் பட்டமும் போகப் போவதில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் எண்ணியதெல்லாம் இப்போது தேய்மானம் பற்றிய முன்னோடி ஆய்வுகள் ஆகிவிட்டன. துறைத் தலைவி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாங்கி வந்த பொன்னாடையைத் தேர்வாளர் தன் கையாலேயே கைடுக்குப் போர்த்தினார். எனக்கும் பட்டம் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. அப்பா அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பொன்னாடையை உருவிக்கொண்டு போய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது.

சாப்பாட்டில் கைடு வீட்டிலிருந்து விசேஷமாக நண்டு மசாலா வந்திருந்தது. தேர்வாளர் காலை உடைத்துவிட்டு, "நல்ல கெட்டி நண்டு" என்றார். அம்மா பரிமாற வந்தபோது நான் எனக்கு ரசம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சில வாரம் கழித்து என் நீலத் தொட்டியை எடுத்துவரப் போனேன். கைடு அறையில் பழைய படம் இல்லை. அதே ஆணியில், அதே உயரத்தில், என் டிபன் டப்பா ஓட்டின் முடியும் நான் போனில் எடுத்த புது முடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் மாட்டியிருந்தது. கீழே அவர் பெயர். லேபில் பகுதிநேர ஸ்காலர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர், என்னைவிட வயதில் பெரியவர், பணிவாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த நண்டுகளை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தலைப்பு என்ன என்று கேட்டேன்.

"நண்டு வாய்முடியின் தேய்மானம் மேடம். உங்க வேலையோட தொடர்ச்சிதான்னு சார் சொன்னாரு."

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. யார் பெயர் போட்டுக்கொண்டால் என்ன, விஷயம் உள்ளே வந்துவிட்டதே என்று நினைத்தேன். குனிந்து ஒரு நண்டைத் திருப்பி அடிப்பக்கம் கட்டைவிரலால் அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. அடுத்ததும் கல். எல்லாமே கல்.

"ஓடு கழட்டின நண்டு எங்க சார்? மெத்து நண்டு ஒண்ணுகூட வாங்கலியா?"

அவர் என்னைப் பார்த்து, ஒன்றும் தெரியாத பெண்ணுக்குச் சொல்வது போல அன்பாகச் சிரித்தார்.

"மெத்து நண்டா? அதுல கறி இருக்காதே மேடம்."